தன் நஞ்சு தன்னையே கொல்லாதா?

என்னிடம் உயிரியல் படிக்க வரும் படிவம் ஆறு மாணவி போன வாரம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் வீடு பட்டர்வொர்த்தில். வாசலில் தொட்டி தொட்டியாக நித்தியகல்யாணி. அவளுடைய பாட்டி தினமும் காலையில் பூப்பறித்துச் சாமிக்கு வைப்பார். "டீச்சர், இந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய் மருந்து எடுக்கிறார்களாம். அது செல்லுக்குள் நுண்குழல்கள் உருவாகவிடாமல் தடுக்கிறதாம். ஆனால் செடியின் செல்லிலும் நுண்குழல் இருக்கிறதே? அப்படியானால் அந்த மருந்து செடியை என்ன செய்யும்? தன் நஞ்சு தன்னையே கொல்லாதா?" கூடவே இன்னொன்றும் கேட்டாள்: பள்ளிச் செயல்திட்டத்துக்கு வெங்காய வேரைக் கோல்ச்சிசின் என்ற தாவர நஞ்சில் ஊறவைத்துப் பார்க்கலாமா என்று.

வகுப்பில் பத்து நிமிடம் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு, முக்கியமானதையெல்லாம் விட்டுவிட்டேனே என்று மனம் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பினாங்கில் ஓர் ஆர்க்கிட் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். இந்த நஞ்சுகளைக் கையுறை போட்டு எடை போட்டிருக்கிறேன், கரைத்திருக்கிறேன், அவை செடிக்குள் செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அவளுக்கே எழுதுவதுபோல் இதை முழுதாக எழுதுகிறேன்.

நுண்குழல் செடியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதிக் கேள்விதான் ஆகிறது, மா. மருந்து போய் உட்காரும் குழி அந்தச் செல்லின் புரதத்தில் எப்படி இருக்கிறது? எவ்வளவு மருந்து அங்கே போய்ச் சேர்கிறது? அந்த நேரத்தில் செல் என்ன வேலையில் இருக்கிறது? மீதிப் பாதி இவற்றில் இருக்கிறது.

முதலில் நுண்குழல். உள்ளே வெற்றிடமான மெல்லிய குழாய் அது. வெளி விட்டம் சுமார் 25 நானோமீட்டர். டியூபுலின் என்ற புரதம்தான் அதன் செங்கல். ஆல்பா ஒன்று, பீட்டா ஒன்று, இரண்டும் ஒட்டிக்கொண்டு எப்போதும் ஜோடியாகவே திரியும். ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். ஜோடிகள் தலையும் வாலுமாகக் கோத்துக்கொண்டு சரம் ஆகும். பொதுவாக 13 சரங்கள் பக்கம் பக்கமாக நின்று வட்டமாக மூடிக்கொண்டால் குழல். ஜோடி வந்து சேரும்போது ஜி.டி.பி. (GTP) என்ற மூலக்கூற்றைப் பிடித்துக்கொண்டு வரும். சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பீட்டாவிடம் இருக்கும் ஜி.டி.பி. உடைந்துவிடும். நுனிக்குப் புதுச் செங்கல் வந்துகொண்டே இருக்கும்வரை குழல் வளரும். வரத்துக் குறைந்தால், நுனியில் சரங்கள் வாழைப்பழத் தோல் மாதிரி வெளிப்பக்கம் வளைந்து உரிந்து, குழல் மளமளவென்று சரியும். அப்புறம் மறுபடி வளரும். வளர்வதும் சரிவதுமான இந்தத் துடிப்பை மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இருவர் 1984-இல் எடுத்துக் காட்டினார்கள். செடிகளில் இந்தத் துடிப்பு இன்னும் வேகம். சுவரை ஒட்டிய நுண்குழல்களில் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் பாதிச் செங்கல் மாறிவிடுகிறது.

இதை நான் கோயில் சாரத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். குடமுழுக்குக்கு முன் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பாய். ஒரு பக்கம் வர்ணம் அடித்து முடிந்ததும் அவிழ்த்து, அதே மரங்களை அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போவார்கள். அந்த வேலையை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். மரங்களை ஒளித்துவைத்தால் சாரமே எழாது. போட்ட முடிச்சை யாரும் அவிழ்க்க முடியாதபடி இறுக்கிவிட்டால் சாரம் நிற்கும். ஆனால் அடுத்த பக்கத்துக்கு மரம் இருக்காது. நுண்குழலைத் தாக்கும் நஞ்சுகளில் கோல்ச்சிசினும், நீ கேட்ட புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினும் முதல் வகை. டாக்ஸால் என்ற இன்னொரு நஞ்சு இரண்டாம் வகை.

மூன்றும் செடிகள் தந்தவை. கோல்ச்சிசினை ஐரோப்பாவின் கோல்ச்சிக்கம் செடியிலிருந்து பெல்லத்தியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820-இல் பிரித்தார்கள். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பதும் அதே பொருள்தான். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. வின்பிளாஸ்டின் உன் வீட்டு வாசல் செடியினுடையது. மலாயில் கெமுந்திங் சீனா என்று சொன்னாலும், அதன் பூர்வீகம் மடகாஸ்கர். கனடாவின் ஒண்டாரியோவில் நோபிள், பியர் என்ற இருவர், ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைச் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த வழியாக 1958-இல் வின்பிளாஸ்டின் கைக்கு வந்தது. டாக்ஸால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. பட்டையைச் சேகரித்தது 1962-இல். அதன் அமைப்பை வானி, வால் குழுவினர் வெளியிட்டது 1971-இல்.

ஒவ்வொன்றும் உட்காரும் இடம் வேறு. கோல்ச்சிசின் ஒரே ஜோடியின் ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் நடுவே நுழைந்துகொள்ளும். தனியாகத் திரியும் ஜோடி சற்று வளைந்தே இருக்கும். குழலில் சேர வேண்டுமானால் நிமிர வேண்டும். நடுவில் ஆப்பு வைத்ததுபோல் கோல்ச்சிசின் இருந்தால் நிமிர முடியாது. வின்பிளாஸ்டின் ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையில் புகுந்து, நேராக நிற்க வேண்டிய சரத்தைச் சுருளாக்கிவிடும். டாக்ஸால் குழலின் உள்பக்கம், பீட்டாவின் மேல் உட்கார்ந்து பக்கத்துச் சரங்களோடு பிடிப்பை இறுக்கும்.

சரி, செடிக்கு வருவோம். நுண்குழல் என்றதும் நம் பாடப்புத்தகம் குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர் இழையோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு அது வருத்தம். செடியின் செல்லில் நுண்குழல்களுக்கு அதைவிட நீண்ட வேலை இருக்கிறது. செல் பிரியாத நேரத்தில் அவை செல்சுவரின் உள்பக்கத்தை ஒட்டி, பீப்பாயைச் சுற்றிய வளையங்கள் மாதிரி, குறுக்காகப் படுத்திருக்கும். செல்லுலோஸ் நூற்கும் நொதிகள் பெரும்பாலும் அந்த வழியே நகர்ந்து நூலைச் சுற்றுகின்றன. வளையம் போட்ட பீப்பாய் பக்கவாட்டில் வீங்க முடியாது. அதனால் செல் நீளமாக மட்டும் வளர்கிறது. ஒரு கீரைத்தண்டு ஒல்லியாக நிமிர்ந்து நிற்பதற்கு அடியில் இருப்பது இந்த ஏற்பாடு.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு தாவர நஞ்சுதான் கதாநாயகன். 1962-இல் பால் கிரீன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் நிடெல்லா என்ற பாசியின் நீண்ட செல்களைக் கோல்ச்சிசினில் வைத்தார். நீளமாக வளர வேண்டிய செல்கள் உருண்டையாக ஊதின. கதிர் இழையைக் கலைக்கும் மருந்து, பிரியாத செல்லின் உருவத்தை ஏன் கெடுக்க வேண்டும்? கதிர் இழையைப் போன்ற ஏதோ புரத இழை சுவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு செல்லுலோஸுக்குத் திசை காட்டுகிறது என்று அவர் எழுதினார். அதை அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. அடுத்த ஆண்டே லெட்பெட்டர், போர்ட்டர் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், அவர் சொன்ன இடத்தில், சுவரை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருந்த குழல்களைப் பார்த்தார்கள். நொதிகள் அந்தக் குழல்களின் வழியே ஊர்ந்து போவதை உயிருள்ள செல்லில் பார்க்க 2006 ஆயிற்று. நஞ்சின் விளைவை மட்டும் வைத்து, காணாத ஒன்று இருக்கும் இடத்தை ஒருவர் சொல்லிவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இந்த வீக்கத்தை நீயும் வெறும் கண்ணால் பார்க்க முடியும். கோல்ச்சிசின் பட்ட வேரின் நுனி ஈட்டி மாதிரி கூராக இல்லாமல், சின்னக் குமிழ் மாதிரி உருண்டு தடித்துப் போகும். செல்கள் நீளத்துக்குப் பதில் அகலத்துக்கு வளர்ந்ததால் வந்தது அது.

செடிச் செல்லின் நுண்குழல்களுக்கு இன்னும் இரண்டு தனி வேலைகள் உண்டு. செல் பிரியும் முன், எங்கே பிரிய வேண்டும் என்று குறித்து வைக்கும் ஒரு பட்டை தோன்றி மறையும். அதைக் கோதுமையில் கண்டது 1966-இல். குரோமோசோம்கள் பிரிந்த பிறகு, நடுவே புதுச் சுவர் எழுப்ப ஃபிராக்மோபிளாஸ்ட் என்ற ஓர் அமைப்பு வரும். இரண்டாவதை ஞாபகம் வைத்துக்கொள். டாக்ஸாலுக்குப் போகும்போது அது தேவைப்படும்.

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் முளைகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விலங்கு செல் வளர்க்கும் தோழி ஒருத்தி, தான் பயன்படுத்தும் கோல்ச்சிசின் அளவைச் சொன்னாள்: ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழே. (மோலார் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு; ஆயிரம் நானோமோலார் ஒரு மைக்ரோமோலார், ஆயிரம் மைக்ரோமோலார் ஒரு மில்லிமோலார்.) அவள் செல்கள் அந்த அளவில் பிரிய முடியாமல் அப்படியே நின்றுவிடுமாம். டியூபுலின் டியூபுலின்தானே என்று நானும் அதே அளவைப் போட்டேன். ஆறு வாரம் காத்திருந்தேன். ஒரு முளைகூட மாறவில்லை. வீக்கம் இல்லை, இரட்டிப்பு இல்லை. மருந்தே படாதவைபோல் பச்சைப்பசேலென்று வளர்ந்தன. பிறகு பெரியவர் ஒருவர் என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இது செடி. அளவை மாற்று." அவர் சொன்ன அளவு 0.05 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பார்: லிட்டருக்கு அரை கிராம், அதாவது சுமார் 1.25 மில்லிமோலார். என் தோழியின் அளவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். என் அப்பா கௌட் வலிக்குப் போட்ட கோல்ச்சிசின் மாத்திரை அரை மில்லிகிராம். என் ஒரு லிட்டர் குப்பியில் ஆயிரம் மாத்திரைக்கான மருந்து இருந்தது. அந்தக் கரைசலில் ஆர்க்கிட் முளைகள் நாள்கணக்கில் ஊறி, அதன் பிறகும் பல உயிரோடு இருந்தன.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மருந்து செல்சுவரைத் தாண்டி உள்ளே போகவில்லையோ என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, டியூபுலினைச் செல்லிலிருந்து வெளியே எடுத்துச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் மோர்ஜான், ஃபாஸ்கெட் இருவரும் 1980-களில் அதைத்தான் செய்தார்கள். வளர்ப்புக் குடுவையில் வளர்த்த ரோஜா செல்களிலிருந்து டியூபுலினைச் சுத்தமாகப் பிரித்தார்கள். செடியில் அது மிகக் குறைவாகவே கிடைக்கும். மாட்டு மூளையில் கிடைப்பதுபோல் அள்ளி எடுக்க முடியாது. சுவர் இல்லை, சவ்வு இல்லை, வெறும் புரதம் மட்டும். அப்போதும் கோல்ச்சிசின் அதில் பலவீனமாகத்தான் ஒட்டியது. ஆகவே தடை வாசலில் இல்லை, குழியிலேயே இருந்தது. செடியின் டியூபுலினும் நம்முடையதும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ஒன்றே. ஆனால் அந்தக் குழி முழுக்க ஒன்றல்ல. சாவி நுழைகிறது, சரியாகத் திரும்ப மாட்டேன் என்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரிசாலின், டிரைஃப்ளூராலின் போன்ற களைக்கொல்லிகள் செடியின் டியூபுலினை இறுகப் பிடிக்கும், நம்முடையதை ஏறக்குறையத் தொடாது. அவை ஆய்வகத்தில் செய்தவை, செடி தந்தவை அல்ல. ஆர்க்கிட் கூடங்களில் இப்போது கோல்ச்சிசினுக்குப் பதில் ஒரிசாலினைப் பலர் விரும்புவதற்கு இதுதான் காரணம். கோல்ச்சிசினைவிட மிகக் குறைந்த அளவே போதும். நம் வீட்டுப் பக்கத்துத் திடலிலெல்லாம் முளைக்கும் சம்பாவ் புல் இருக்கிறதே, கேழ்வரகின் காட்டு உறவு, அந்த இனத்தில் ஒரு வகை இந்தக் களைக்கொல்லிகளுக்குச் சாகாமல் நின்றது. 1998-இல் பிரித்துப் பார்த்தபோது, ஆல்பா டியூபுலினில் 239-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் இருந்தது. 450-க்குப் பக்கத்து அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியது, அவ்வளவுதான்.

டியூபுலின் என்ற புரதத்தை உலகுக்குக் காட்டியதே கோல்ச்சிசின்தான். 1960-களில் கதிரியக்கம் ஏற்றிய கோல்ச்சிசினைச் செல்லில் போட்டு, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று தேடித்தான் போரிஸி, டெய்லர் குழுவினர் அதைப் பிடித்தார்கள். அவர்கள் விலங்கு செல்லை விட்டுவிட்டு ரோஜா செல்லில் தேடியிருந்தால், தூண்டிலில் மீன் நின்றிருக்காது.

பயிர் வளர்ப்பில் கோல்ச்சிசின் செய்தது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். குரோமோசோம்கள் நகல் எடுத்து முடித்த நேரத்தில் கதிர் இழை இல்லாமல் போனால், அவை பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். மருந்தைக் கழுவிய பின் அந்தச் செல் இரட்டிப்புக் குரோமோசோமோடு பிழைத்து வளரும். செடிகளுக்கு இதைத் தாங்கும் சக்தி நம்மைவிட அதிகம். பிளேக்ஸ்லியும் ஏவரியும் 1937-இல் இதை வெளியிட்டார்கள். தர்ப்பூசணிக்கு 22 குரோமோசோம். கோல்ச்சிசினால் 44 ஆக்கி, அதை 22 உள்ளதோடு சேர்த்தால் 33. மூன்று தொகுதியைச் சமமாகப் பிரிக்க முடியாது, விதை பிடிக்காது. ஜப்பானில் கிஹாரா தொடங்கிவைத்த இந்த வழிதான், நாம் கடையில் வெட்டி வாங்கும் விதையில்லாத் தர்ப்பூசணி.

இனி டாக்ஸால். அது என்ன செய்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் குழுவினர் 1979-இல் சொன்னபோது பலருக்கு ஆச்சரியம். அதுவரை தெரிந்த நஞ்சுகள் நுண்குழலைக் கலைப்பவை, இது கட்டிவிடுகிறது. ஜி.டி.பி. இல்லாமலே டியூபுலின் குழலாகிறது. குளிரிலும் கால்சியத்திலும் கரைவதில்லை. செடியின் டியூபுலினிலும் டாக்ஸால் வேலை செய்யும், தாராளமாகச் செய்யும். ரோஜா டியூபுலினை வெளியே எடுத்த அதே மோர்ஜான், ஃபாஸ்கெட் இருவரும் அதில் டாக்ஸாலைச் சேர்த்துக் குழல்கள் கட்டவைத்தார்கள். அப்புறம் கோல்ச்சிசின் போட்டு அதை நிறுத்தப் பார்த்தார்கள். மாட்டு மூளையின் டியூபுலினை நிறுத்தியதைவிட அதிகக் கோல்ச்சிசின் தேவைப்பட்டது. ஒரே குப்பியில் ஒரு தாவர நஞ்சு கட்டுகிறது, இன்னொரு தாவர நஞ்சு தடுக்கிறது, நடுவில் ரோஜாவின் புரதம். நான் படித்த சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று இது.

உயிருள்ள செடிச் செல்லில் டாக்ஸால் செய்வது இன்னும் அழகாகப் புரியும் ஓர் இடம் இருக்கிறது. அங்குதான் ஃபிராக்மோபிளாஸ்ட் வருகிறது. செடிச் செல் நடுவே இறுகி இரண்டாவதில்லை. நடுவில் ஒரு சின்னத் தட்டுத் தோன்றி, எல்லாப் பக்கமும் வெளியே விரிந்து, பழைய சுவரைத் தொட்டு மூடுகிறது. அந்தத் தட்டுக்குச் சரக்கு கொண்டுவருபவை நுண்குழல்கள். தட்டு விரிய விரிய, நடுவில் வேலை முடிந்த குழல்கள் கலைந்து, ஓரத்தில் புதிதாக எழும். வட்டம் இப்படித்தான் பெரிதாகிறது. புகையிலையின் வளர்ப்புச் செல்களில் 1993-இல் யசுஹாரா முதலான ஜப்பானிய ஆய்வாளர்கள் டாக்ஸாலைப் போட்டார்கள். நுண்குழல்கள் எல்லாம் இருந்தன, திடமாக இருந்தன. ஆனால் தட்டு விரிவது தடைபட்டது. நடுவில் உள்ளவை கலைய மாட்டேன் என்கின்றன; அதனால் ஓரத்துக்குச் செங்கல் போகவில்லை. கோபுரத்துச் சாரத்தை இப்போது நினைத்துப் பார். முடிச்சு அவிழவில்லை, அடுத்த பக்கத்துக்கு வேலை நகரவில்லை.

டாக்ஸால் பட்ட வேர் என்ன ஆகும் என்று கேட்டால், அதுவும் வீங்கும். பாஸ்கின் குழுவினர் 1994-இல் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் வேர்களில் ஒரிசாலினையும் டாக்ஸாலையும் தனித்தனியே போட்டுப் பார்த்தார்கள். ஒன்று குழல்களைக் கலைப்பது, மற்றது காப்பது. இரண்டிலும் வேர் தடித்தது. நேர் எதிரான இரண்டு கைகள் ஒரே விளைவில் வந்து நிற்கின்றன. செல்லுக்கு வேண்டியது குழல் இருப்பது மட்டுமில்லை. தேவைப்படும்போது கலைந்து வேறு திசையில் எழும் சுதந்திரமும் வேண்டும். அளவு என்று பார்த்தால், மனித செல்லை நிறுத்த டாக்ஸால் சில நானோமோலார் போதும். செடிகளில் பொதுவாக மைக்ரோமோலார் கணக்கில் போடுகிறோம். கோல்ச்சிசின் அளவுக்குச் செடி இதை மறுப்பதில்லை.

உன் கேள்வியின் மையத்துக்கு இப்போது வரலாம். தன் நஞ்சு தன்னைக் கொல்லாதா?

கோல்ச்சிக்கம் செடிக்கு இதை நேரடியாகச் சோதித்தவர் சுவீடனின் ஆல்பர்ட் லெவான். 1938-இல் வெங்காய வேரில் கோல்ச்சிசின் செய்யும் கோலத்தை முதலில் விரிவாக எழுதியவரும் அவரே. 1940-இல் அவர் வெங்காயத்தையும் கோல்ச்சிக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோல்ச்சிசின் வெங்காயத்தின் செல் பிரிவைக் கலைத்தது. கோல்ச்சிக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அசினாஃப்தீன் என்ற வேறொரு பொருள் இரண்டையும் கலைத்தது. இதை மெதுவாக யோசி. கோல்ச்சிக்கத்தின் நுண்குழல்கள் பொதுவாகவே கல் மாதிரி உறுதி என்றால் அசினாஃப்தீனுக்கும் அசைந்திருக்கக் கூடாது. அசைந்தன. தன் நஞ்சுக்கு மட்டும் அசையவில்லை. (இதே லெவான்தான், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவோடு சேர்ந்து, மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று 1956-இல் எண்ணிச் சொன்னவர். அந்த எண்ணிக்கைக்கும் செல்லை நிறுத்திவைக்க உதவியது கோல்ச்சிசின்.)

நித்தியகல்யாணி வேறு வழி வைத்திருக்கிறது. வின்பிளாஸ்டின் ஒரே துண்டு இல்லை. கதரந்தின், விண்டோலின் என்ற இரண்டு பாதிகள் சேர்ந்தால்தான் அது. இலை அந்த இரண்டையும் தனித்தனியே வைக்கிறது. கனடாவில் டி லூக்கா குழுவினர் 2010-இல் வெளியிட்டதைப் படித்தபோது நான் வாசலுக்குப் போய் ஓர் இலையைத் தடவிப் பார்த்தேன். கதரந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில், செல்லுக்கு வெளியே இருக்கிறது. விண்டோலின் இலைக்குள்ளே, செல்களில் இருக்கிறது. நடுவில் சுவர். அதனால் இலையில் இரண்டு பாதிகளும் நிறைய இருந்தாலும், முழு வின்பிளாஸ்டின் அற்பமாகவே உண்டு. மருந்துக் கம்பெனிகளுக்கு டன் கணக்கில் இலை தேவைப்படுவதும் அதனால்தான். உருவாகும் கொஞ்சமும் வாக்குவோல் எனும் பெரிய சேமிப்புப் பைக்குள் பூட்டப்படுகிறது. நுண்குழல்கள் அந்தப் பைக்கு வெளியே. முற்றிய இலையின் செல்லில் பிரியும் வேலையும் நீளும் வேலையும் ஏற்கெனவே முடிந்துவிட்டன. இளம் வேர்நுனிக்கு நுண்குழல் கலைந்தால் வரும் ஆபத்து, நின்றுபோன செல்லுக்கு அந்த அளவுக்கு இல்லை.

பூச்சி கடித்தால்? கிழிந்த இலையில் பைகளும் மெழுகும் செல்சாறும் ஒன்றாகக் கலக்கும். அது செடிக்கு இழந்த இலை, கடித்தவனுக்குத்தான் சோதனை.

இங்கே பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று அவர் சொன்னதாக நீ சொன்னாய். நம் ஊரில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது, அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கஷாயத்தில் செடியின் எந்த நஞ்சுப் பொருள் எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் ஓயாமல் செல் பிரியும் இடங்கள். நுண்குழல் நஞ்சு முதலில் தாக்குவது அவற்றைத்தான். மேலே சொன்ன அளவுகளைப் பாட்டிக்குக் காட்டு. செடி தாங்குவதை நம் உடம்பு தாங்காது. பூ சாமிக்குப் போகட்டும், இலை அடுப்புக்குப் போக வேண்டாம். சர்க்கரைக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை போதும். செங்காந்தள் கிழங்கு இதைவிடக் கொடியது. வள்ளிக்கிழங்கு வகை என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு.

இதே காரணத்துக்காகத்தான் உன் செயல்திட்டத்துக்குக் கோல்ச்சிசின் வேண்டாம் என்கிறேன். வெங்காய வேரில் விளைவு தெரியச் செடிக்கான அளவு போட வேண்டும். 0.05 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு டீஸ்பூனில் இருப்பது இரண்டரை மில்லிகிராம், என் அப்பாவின் மாத்திரையில் ஐந்து. பள்ளி ஆய்வகத்து மேசையில் அது சிந்தக் கூடாது.

அதற்குப் பதில் ஐஸ் போதும். டியூபுலின் குளிரில் தானே கழன்றுவிடும். தானியங்களின் குரோமோசோம் எண்ணுகிறவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இது. லிட்டில் இந்தியாவில் முழுக் கோதுமை வாங்கி, ஈரத் துணியில் முளைகட்டு. வேர் ஒன்றரை சென்டிமீட்டர் வந்ததும் பாதி முளைகளை உருகும் ஐஸ் நீரில், குளிர்ப்பெட்டிக்குள் 24 மணி நேரம் வை. மற்றப் பாதி வெளியிலேயே இருக்கட்டும். பிறகு வேர் நுனிகளை மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் போடு. அடுத்த நாள் உன் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுக்கு அடியில் நசுக்கு.

வெளியில் இருந்த வேரில் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் அணிவகுத்தும், இரு பக்கம் இழுபட்டும், பல நிலைகளில் தெரியும். ஐஸில் இருந்த வேரில் கதிர் இழை இல்லாததால், பிரியப் புறப்பட்ட செல்களில் அவை குட்டையாகச் சுருங்கி, கொட்டிய உளுந்து மாதிரி சிதறிக் கிடக்கும். கோதுமைக்கு 42. பொறுமையாக எண்ணு, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அடுத்த செல்லுக்குப் போ. நல்ல தகடு கிடைத்தால் ஓரத்தில் நகப்பூச்சுத் தடவி மூடி, சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்து வா, நானும் எண்ணிப் பார்க்கிறேன்.